ஹாலின் ஒரு வருடமா, பியெட்ராஞ்சலோவின் ஏழு வருடமா: கொரோனா கால ஹாக்கிக் கணக்கு

2020 அக்டோபர் 11ஆம் தேதி டெய்லர் ஹால் பஃபலோ சேபர்ஸ் அணியோடு ஒரே ஒரு வருடத்துக்கு, 80 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அலெக்ஸ் பியெட்ராஞ்சலோ வேகாஸ் கோல்டன் நைட்ஸ் அணியோடு ஏழு வருடத்துக்கு, வருடம் 88 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் செய்தார். அந்த வருடம் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். சந்தைக்கு வந்த ஃப்ரீ ஏஜென்ட்களில் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடியவர்களில்) எல்லோரும் கண் வைத்திருந்த இரண்டு பேர் இவர்கள்தான். இருவரும் ஒரே சந்தையில், ஒரே நெருக்கடியில் நின்று நேர் எதிரான வழிகளில் போனார்கள்.

நண்பர்களோடு நான் ஆடும் ஃபேன்டசி லீக்கில் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி நடத்தும் விளையாட்டு), வீரரின் நிஜச் சம்பளமும் ஒப்பந்த வருடங்களும் அப்படியே நம் கணக்கில் ஏறும். அதனால் அந்த வாரம் இந்த இருவரில் ஒருவரை நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பியெட்ராஞ்சலோவை எடுத்தேன். புள்ளிகளுக்காக எடுத்த முடிவுதான் என்றாலும், அதற்காக ஒப்பந்தங்களைப் படிக்கப் போய், பணக் கதையே என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த வருடம் நீண்ட ஒப்பந்தம்தான் சரி, அதிலும் வீரருக்கு மிகச் சரி என்பது என் கட்சி.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஹாலுக்கு அப்போது வயது 28, பியெட்ராஞ்சலோவுக்கு 30. ஹால் 2018இல் லீக்கின் மிக மதிப்புள்ள வீரருக்கான ஹார்ட் டிராஃபி வாங்கிய விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் தாக்குதல் ஆட்டக்காரர். பியெட்ராஞ்சலோ 2019இல் செயின்ட் லூயிஸ் அணியின் கேப்டனாக லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிய தடுப்பாட்டக்காரர். வேகாஸ் இருக்கும் நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது, பஃபலோ இருக்கும் நியூயார்க்கில் உண்டு. வயதை வைத்துப் பார்த்தால் இளையவர் நீண்ட ஒப்பந்தத்துக்கும் மூத்தவர் குறுகிய ஒப்பந்தத்துக்கும் போயிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்.

இனி பணம். 2020 மார்ச் 12ஆம் தேதி சீசன் நின்றது. ஆகஸ்டில் டொராண்டோவிலும் எட்மன்டனிலும் வெளியாள் நுழையாதபடி அடைத்த வளையங்களுக்குள், காலி இருக்கைகளுக்கு முன்னால் மறுபடி ஆடினார்கள். செப்டம்பர் 28 அன்று டாம்பா பே கோப்பையை வென்றபோதும் அரங்கில் ரசிகர் இல்லை. அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் வரும் தொலைக்காட்சிப் பணம் ஹாக்கிக்கு வராது. டிக்கெட், பார்க்கிங், அரங்குக்குள் விற்கும் பீரும் தீனியும், இவற்றை நம்பித்தான் அணிகள் ஓடுகின்றன. வாசல் மூடினால் வருமானமே மூடியதுபோல்தான். ஜூலையில் லீக்கும் வீரர் சங்கமும் ஒரு புதிய உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி, அதுவரை கோடைதோறும் ஏறிக்கொண்டிருந்த சம்பள உச்சவரம்பு, அதாவது ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய எல்லை, 8 கோடியே 15 லட்சம் டாலர் என்ற அளவில் அப்படியே உறைந்து நின்றது.

எல்லோரும் பேசியது இந்த உச்சவரம்பைத்தான். என்னைக் கேட்டால் முடிவை உண்மையில் தீர்மானித்திருக்க வேண்டியது எஸ்க்ரோ.

என்.எச்.எல். வருமானத்தில் பாதி வீரர்களுக்கு, பாதி முதலாளிகளுக்கு. ஆனால் சீசன் முடியும் வரை மொத்த வருமானம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் வீரரின் ஒவ்வொரு சம்பளக் காசோலையிலிருந்தும் ஒரு பங்கைப் பிடித்துத் தனியே வைப்பார்கள், அதுதான் எஸ்க்ரோ. வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் மாதிரி. வீரர்களின் மொத்தச் சம்பளம் வருமானத்தில் பாதியைத் தாண்டியிருந்தால், தாண்டிய தொகையை அதிலிருந்து முதலாளிகள் எடுத்துக்கொள்வார்கள். மிச்சமிருந்தால் வீரருக்குத் திரும்பும். பார்வையாளரே இல்லாத வருடத்தில் மிச்சம் எங்கிருந்து வரும்? பிடித்ததெல்லாம் போனது மட்டுமில்லாமல், வீரர்கள் பக்கம் கூட்டுக் கடனும் ஏறியது. அந்தக் கடனைப் பிந்தைய வருடங்களில்தான் அடைத்தார்கள்.

ஜூலை உடன்பாட்டின் முக்கியமான வரி இது: 2020-21இல் எஸ்க்ரோ 20 சதவீதம், அடுத்த வருடம் 14 முதல் 18, அதற்கடுத்து 10, பிறகு 6. இதற்கு மேல் 2020-21 சம்பளத்தில் மட்டும் 10 சதவீதத்தை ஒத்திவைத்து, 2022-23 முதல் மூன்று தவணைகளில், வட்டியில்லாமல் தருவார்கள்.

ஹாலின் 80 லட்சத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். ஒத்திவைப்பு 8 லட்சம் போக 72 லட்சம். அதில் 20 சதவீத எஸ்க்ரோ, 14 லட்சத்து 40 ஆயிரம். அந்த வருடம் வரிக்கு முன்னால் கைக்கு வருவது 57 லட்சத்து 60 ஆயிரம். இதே 80 லட்சத்தை 2023-24இல் வாங்கியிருந்தால் 6 சதவீதம் போக 75 லட்சத்து 20 ஆயிரம் வந்திருக்கும். ஒத்திவைத்த 8 லட்சம் பின்னால் திரும்பியது என்று சேர்த்துக்கொண்டாலும், பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகை வெறுமனே ஆண்டைத் தவறாகத் தேர்ந்ததால் போனது.

ஒரு வருட ஒப்பந்தம் என்றால் மொத்தச் சம்பளமும் அந்த மோசமான வருடத்திலேயே வந்து விழும். ஏழு வருடம் என்றால் ஏழில் ஒரு பங்குக்குத்தான் அந்த அடி. ஏழில் மூன்று வருடங்கள் 6 சதவீதக் காலத்துக்குள் போய்விடுகின்றன. உச்சவரம்பில் அணிக்கு ஏறுவது ஒப்பந்தத்தின் சராசரித் தொகைதான் என்பதால், விதிக்கு உட்பட்டு முதல் வருடச் சம்பளத்தைக் குறைத்துப் பின்னால் கூட்டவும் வழி உண்டு. அந்த நவம்பரில் லீக் மேலும் சம்பளத்தை ஒத்திவைக்கக் கேட்டது, சங்கம் மறுத்துவிட்டது. ஆக, ஜூலையில் எழுதிய சதவீதங்கள்தான் நின்றன. அக்டோபரில் பேனாவை எடுத்த எவருக்கும் அவை முன்பே தெரியும்.

ஹாலின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். சந்தை சுருங்கிக் கிடக்கும்போது ஏழு வருடத்தை மலிவாக விற்பானேன், ஒரு வருடம் நன்றாக ஆடிவிட்டு மறுபடி வருவோம் என்பது அவர் கணக்கு. பஃபலோவில் அந்த அணியின் நட்சத்திரம் ஜேக் ஐக்கலோடு ஆடலாம். எட்மன்டனில் தனக்குப் பயிற்சியாளராக இருந்த ரால்ஃப் க்ரூகர் அங்கே இருந்தார். 2021இல் சியாட்டில் புதிய அணியாக, முழு உச்சவரம்பும் காலியாக உள்ளே வரப்போகிறது. இது நல்ல வாதம்தான். ஆனால் அடுத்த கோடையிலும் உச்சவரம்பு ஏறாது என்பது அப்போதே தெரிந்த விஷயம். எல்லா அணிகளும் அதே 8 கோடியே 15 லட்சத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும் சந்தைக்குத்தான் திரும்பப் போகிறோம் என்று தெரிந்தே ஒரு வருடம் காத்திருப்பதில் எனக்கு லாபம் தெரியவில்லை.

பஃபலோ பிறகு தொடர்ந்து 18 ஆட்டங்கள் வெல்லாமல் தவித்தது, க்ரூகர் வேலை இழந்தார், ஹால் 37 ஆட்டங்களில் 2 கோல் மட்டும் அடித்து ஏப்ரலில் பாஸ்டனுக்குப் போனார். இதைக் காட்டி அவர் முடிவு தவறு என்று சொல்வது நியாயமில்லை, அணி இப்படிச் சரியும் என்று யாருக்குத் தெரியும்? பாஸ்டனில் 16 ஆட்டங்களில் 8 கோல் அடித்து, அந்தக் கோடையிலேயே வருடம் 60 லட்சத்துக்கு நான்கு வருட ஒப்பந்தம் வாங்கினார். ஆள் மீண்டார், விலைதான் மீளவில்லை.

அணிகளின் பக்கம் நின்றால் என் சாய்வு இவ்வளவு உறுதியாக இருக்காது. பஃபலோவுக்கு எதிர்காலச் சுமை எதுவுமில்லை. பாதிச் சம்பளத்தைத் தானே ஏற்றுக்கொண்டாலும், ஹாலைக் கொடுத்து ஒரு வீரரும், இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பும் பெற்றது. வேகாஸ் கொடுத்த விலை பெரிது. பியெட்ராஞ்சலோவுக்கு இடம் பண்ண பால் ஸ்டாஸ்ட்னியை வினிபெக்குக்கு அனுப்பினார்கள். ரசிகர்கள் உயிராக வைத்திருந்த நேட் ஷ்மிட்டை வெறும் மூன்றாம் சுற்று வாய்ப்புக்கு வான்கூவரிடம் கொடுத்தார்கள். உச்சவரம்பு இறுகி, சீசன் கடைசியில் முழு எண்ணிக்கையில் ஆட்களை இறக்க முடியாமல் ஆடினார்கள். அடுத்த கோடையில், அப்போதுதான் சிறந்த கோல்காப்பாளருக்கான வெசினா டிராஃபி வாங்கியிருந்த கோலி ஃப்ளூரியையும் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். ஷ்மிட்டையும் ஃப்ளூரியையும் அனுப்பிய விதம் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் 2023இல் கோப்பை வந்தது, பியெட்ராஞ்சலோ இல்லாமல் அது வந்திருக்காது என்றே நினைக்கிறேன். உறைந்த காலத்தில் அணியின் உச்சவரம்பில் 10.8 சதவீதத்தைப் பிடித்த அதே 88 லட்சம், வரம்பு 9 கோடியே 55 லட்சம் ஆன 2025-26இல் 9.2 சதவீதம்தான்.

2025 கோடையில் இடுப்புக் காயத்தால் பியெட்ராஞ்சலோ ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார். ஒப்பந்தம் 2026-27 வரை இருக்கிறது, காயம்பட்ட வீரருக்கும் சம்பளம் உறுதி. உடம்பை வைத்துப் பிழைக்கும் தொழிலில் இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

கோலிகள் விஷயத்தில் நான் இவ்வளவு அடித்துச் சொல்லமாட்டேன். அதே சந்தையில் மார்க்ஸ்ட்ரம் கால்கரியில் ஆறு வருடம் வாங்கினார். வான்கூவரோடு இரண்டு வருடத்துக்குக் கையெழுத்திட்ட ஹோல்ட்பியை ஒரே வருடத்தில் பணம் கொடுத்து வெளியேற்றினார்கள். கோலிகளின் ஏற்ற இறக்கம் தனிக் கதை.

நடுத்தர விலை வீரர்களுக்கோ பலருக்கும் தேர்வே கிடைக்கவில்லை. மைக் ஹாஃப்மன் மாதிரி கோல் அடிக்கத் தெரிந்தவரே ஜனவரி வரை காத்திருந்து, செயின்ட் லூயிஸ் முகாமுக்குச் சோதனை ஆட்டக்காரராகப் போய், 40 லட்சத்துக்கு ஒரு வருடம் வாங்கினார். அவருக்கு அந்த ஒரு வருடம் வேலை செய்தது. அடுத்த கோடையில் மொன்றியால் வருடம் 45 லட்சத்துக்கு மூன்று வருடம் கொடுத்தது. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஆதரவாக யாராவது வாதாட வந்தால், ஹாலை விட்டுவிட்டு ஹாஃப்மனிடமிருந்து ஆரம்பிக்கலாம்.