"சீல் பிரிக்காத" பழைய ஏஎம்டி கிட் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

1960-களில் வந்த ஏஎம்டி (AMT என்ற அமெரிக்க மாடல் கம்பெனி) கார் கிட்டை, அதாவது பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடலை, "ஃபேக்டரி சீல், இதுவரை பிரித்ததே இல்லை" என்று சொல்லி யாராவது விற்றால், பணம் அனுப்புவதற்கு முன் கொஞ்சம் நிதானியுங்கள். பழைய காலிப் பெட்டிக்குள் கிடைத்த பாகங்களையெல்லாம் போட்டு, மேலே புது பிளாஸ்டிக் உறையைச் சூடு காட்டிச் சுருக்கி, அசல் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படி வந்தது ஃபோர்டு கம்பெனியின் 1949 மெர்குரி கார், 1/25 அளவு (நிஜக் காரில் 25-ல் ஒரு பங்கு) கிட்.

பழைய கார்களை வேகத்துக்காகவோ அழகுக்காகவோ மாற்றிக் கட்டும் ஹாட் ராட், கஸ்டம் கார் பைத்தியம் உள்ளவர்களுக்கு இந்த வண்டியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்காக மட்டும்: போருக்குப் பிறகு மெர்குரிக்கு முழுசாகப் புது உருவம் கிடைத்தது 1949 மாடலில்தான், உள்ளே 255 கன அங்குல பிளாட்ஹெட் வி8 எஞ்சின், 110 குதிரைத்திறன். கலிபோர்னியாவில் கஸ்டம் கார் கட்டுபவரான சாம் பாரிஸ் தன் சொந்த 49 மெர்குரியின் கூரையை அறுத்துத் தாழ்த்திக் காட்டிய பிறகு, கஸ்டம் கார் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இந்த உருவம்தான். அதை மேசை மேல் 1/25-ல் கட்டும்போது கூரைத் தூணை எவ்வளவு வெட்டுவது, பின்கண்ணாடியை எப்படிச் சாய்ப்பது என்று வாரக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொள்ளலாம், அதுதான் இதில் சுகமே.

ஏஎம்டி இங்கே மிச்சிகனில் ட்ராய் நகரத்தில் இருந்த கம்பெனி. கார் டீலர்களுக்குக் காட்சி மாடல் செய்துகொடுத்துத் தொடங்கி, 1958-ல் கிட் விற்பனைக்கு வந்தது. 1978-ல் அது மேட்ச்பாக்ஸ் பொம்மைக் கார் செய்த லெஸ்னி கைக்குப் போனது, 1980-களின் தொடக்கத்தில் ஐயோவா மாநிலத்து டையர்ஸ்வில்லில் இருந்த எர்டல் என்ற பொம்மைக் கம்பெனிக்குப் போனது, இப்போது ரவுண்ட் 2 என்ற கம்பெனி வைத்திருக்கிறது. கை மாறினாலும் பாகங்களை வார்க்கும் பல அச்சுகள் அப்படியே தொடர்ந்து ஓடின, அதனால் மெர்குரி போன்ற கிட்கள் மறுபடி மறுபடி வெளியாகிக்கொண்டே இருக்கின்றன. மறுவெளியீட்டைக் குறையாகச் சொல்ல மாட்டேன், நான் கட்டியதில் பெரும்பாலானவை அவைதான், டீக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) தரம் இப்போதுதான் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அச்சு புதிதாக இருந்தபோது வந்த பாகங்களில் கதவுக் கோடும் கிரில் கம்பிகளும் கூர்மையாக விழுந்திருக்கும். பல வருஷம் ஓடிய அச்சில் ஓரமெல்லாம் பிசிறு கசிந்து, சுரண்டிச் சுரண்டியே கை ஓய்ந்துபோகும். ஒரே ஒரு மெர்குரியையாவது முதல் வெளியீட்டிலிருந்து கட்ட வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. அலமாரியில் வைத்து அழகு பார்க்க இல்லை, கட்டுவதற்கு.

விற்றவர் தனி ஆள், ஆன்லைன் விற்பனைத் தளத்தில். மாமாவின் ஹாபி கடையை மூடிவிட்டார்களாம், கிடங்கில் இருந்த சரக்காம். படத்தில் பெட்டி அருமையாக இருந்தது, மூலைகளில் லேசான தேய்மானம், ட்ராய் முகவரி தெளிவாகத் தெரிந்தது. உள்ளே உள்ள பாகங்களின் படம் கேட்டேன். "சீல் பிரித்தால் மதிப்புப் போய்விடும், அதை நான் செய்ய முடியாது" என்று பதில். சரி, அதில் நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது. அதனால் இது கம்பெனி போட்ட உறைதானா, உள்ளே முதல் வெளியீட்டுப் பாகங்கள்தானா என்று இரண்டு கேள்வியையும் தனித்தனியாக எழுதிக் கேட்டு, இரண்டுக்கும் "ஆமாம்" என்று எழுத்தில் பதில் வாங்கினேன். அப்புறம் பேபாலில் "நண்பர்கள், குடும்பம்" வழியாக அனுப்பினால் விலையைக் குறைக்கிறேன் என்றார். அந்த வழியில் அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது, அதனால் முடியாது என்று சொல்லி முழு விலையையும் பொருள் வாங்கும் வழியிலேயே கட்டினேன். மறுவெளியீடு ஒன்றின் விலையைப் போலப் பல மடங்கு அது.

பார்சல் வந்ததும் மேல் லேபிளிலிருந்து தொடங்கி, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தேன். முதலில் கண்ணில் பட்டது அந்தக் காலத்துக் கடை விலைச் சீட்டு. அது உறைக்கு அடியில், அட்டையின் மேலேயே ஒட்டியிருந்தது. கம்பெனியிலிருந்து உறையோடு வந்த பெட்டிக்குக் கடைக்காரர் உறையின் மேல்தானே சீட்டு ஒட்ட முடியும்? விற்றவர் போட்ட படங்கள் எல்லாமே அந்த மூலையில் வெளிச்சம் அடித்து வெளுக்கும்படி எடுக்கப்பட்டிருந்தன.

உள்ளே கார் உடல் வெள்ளை பிளாஸ்டிக். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் கதவு இடுக்குகளிலும் கண்ணாடி விளிம்பிலும் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. யாரோ எப்போதோ கட்டி முடித்த மாடலைப் பிரித்து, ரசாயனத்தில் ஊறவைத்துப் பெயின்ட்டை உரித்திருக்கிறார்கள். பம்பர் ஒட்டும் இடத்தில் பழைய பசையின் தழும்பு. முன் கண்ணாடியில் வளைவாக ஒரு உருகல், அது டயர் பட்ட காயம். பழைய வினைல் டயரைக் கண்ணாடி மாதிரித் தெளிவான பாகத்தோடு தொட்டபடி வருஷக்கணக்கில் விட்டால் டயரில் உள்ள மென்மையாக்கி கசிந்து ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், மெருகேற்றியெல்லாம் அதைச் சரிசெய்ய முடியாது.

எனக்கு ஆத்திரம் வந்தது குரோம் பாகங்களைப் பார்த்துத்தான். கம்பெனி குரோம் என்பது வெற்றிட அறையில் அலுமினிய ஆவி படிய வைத்துச் செய்வது, பாகங்கள் சட்டத்தில் (பாகங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கம்பிச் சட்டம்) ஒட்டியிருக்கும்போதே செய்துவிடுவார்கள். அதனால் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்தால் வெட்டிய புள்ளியில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் நிறம் கட்டாயம் தெரியும். எனக்கு வந்த பம்பர், கிரில் எல்லாம் சட்டம் இல்லாமல் தனித்தனியாக ஒரு பையில் கிடந்தன, வெட்டுப் புள்ளிகளும் சேர்ந்து பளபளத்தன. ஸ்ப்ரே அடித்த குரோம். கிரில் கம்பிகளுக்கு இடையில் அது தேங்கி, கூர்மையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மழுங்கிக் கிடந்தது.

டீக்கல் தாளில் சின்ன எண் ஒன்றை மட்டும் வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், மை கரைந்து தண்ணீர் நீலமானது. வீட்டு பிரின்டரில் அடித்து, மேலே வார்னிஷ் கூடப் போடாத தாள். அறிவுறுத்தல் தாளும் ஜெராக்ஸ்தான், முதல் பக்கத்தின் கீழ் விளிம்பைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். பின் பக்கத்தில் கத்தரிக்க மறந்திருக்கிறார்கள், அங்கே எர்டல் பெயரும் டையர்ஸ்வில் என்ற ஊரும் அழகாக அச்சாகியிருந்தன. எர்டல் வாங்குவதற்கு முன்பே மூடிய பெட்டிக்குள் அந்தத் தாள் எப்படி வரும்?

எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். பதில் இரண்டே வரியில் வந்தது: சீல் பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது, உள்ளே இருந்ததை நீங்களே மாற்றியிருக்கலாம். இந்த வியாபாரம் முழுக்க நிற்பது இந்தப் பதிலின் மேல்தான். பிரிக்காமல் மோசடி தெரியாது, பிரித்துவிட்டால் புகார் எடுபடாது. சீல் பெட்டி வாங்குகிறவர்களில் பலர் அதைப் பிரிப்பதே இல்லை. வருஷக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்து, உண்மை தெரியாமலேயே இன்னொருவருக்கு அதே பெட்டியை விற்றுவிடுவார்கள். எனக்கு விற்ற ஆளுக்கு நல்ல மதிப்பீடுகள் வரிசையாக இருந்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவற்றில் பாதி சில்லறை விலைப் பொருள்களுக்கு வந்தவை, மீதியில் எத்தனை பேர் பெட்டியைத் திறந்து பார்த்தார்களோ தெரியாது.

பேபாலில் புகார் போட்டேன். வெட்டில்லாத வீடியோவும், "ஆமாம்" என்று அவர் எழுதிக்கொடுத்த பதிலும் இருந்ததால்தான் கடைசியில் பணம் திரும்பியது, அதுவும் பெட்டியை என் செலவில் திருப்பி அனுப்பிய பிறகு. பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் தர வேண்டும் என்பதை மறக்காதீர்கள். "இப்போது வேண்டாம், பொங்கல் லீவில் பிரிக்கலாம்" என்று பெட்டியை எடுத்து வைத்தீர்களென்றால் கெடு கழிந்துவிடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். விலைச் சீட்டு, அழுக்கு, பென்சில் குறி, கிழிசலுக்குப் போட்ட டேப் இவையெல்லாம் உறைக்கு மேலே இருக்கின்றனவா அடியிலா என்று பாருங்கள். வெயில் பட்டு மங்கிய அட்டையின் மேல் கண்ணாடி மாதிரி புத்தம் புது உறை இருந்தால் சந்தேகப்படுங்கள். பார்கோடு கடைகளில் நடைமுறைக்கு வந்ததே 1974-ல்தான், ஆகவே பார்கோடு போட்ட பெட்டியை 60-களின் அசல் என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. இப்போதைய மறுவெளியீடுகள் பழைய அட்டைப்படத்தையே போட்டு வருவதால் முன்பக்கத்தை நம்பாதீர்கள், பக்கவாட்டில் உள்ள சின்ன எழுத்தைப் படமெடுத்துக் கேளுங்கள். என்னைக் கேட்டால், கட்டுவதற்காக வாங்குகிறவர்களுக்குச் சீல் பெட்டியே வேண்டாம். திறந்த பெட்டி, சட்டத்திலிருந்து பிரியாத பாகங்கள், ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு படம். விலையும் குறைவு, ஏமாற்றவும் வழி குறைவு.

இந்தியாவிலிருந்து வாங்கும் நண்பர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சுங்க வரி கட்டி எடுத்த பெட்டியைத் திருப்பி அனுப்பக் கூரியருக்குக் கொடுக்கும் காசு சில சமயம் கிட்டின் விலையையே தொட்டுவிடும், விற்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். அவசரத்தில் அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர் முகவரிக்கு அனுப்பச் சொல்கிறீர்கள் என்றால், அவரையே வீடியோ எடுத்துக்கொண்டு பிரிக்கச் சொல்லுங்கள்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், நான் திருப்பி அனுப்பிய அந்தப் பெட்டி வேறொரு பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே விலைச் சீட்டு, மறுபடி புது உறைக்கு அடியில். மூடியின் வலது கீழ் மூலையில் விரல் நகம் அளவுக்கு அட்டை உரிந்து பழுப்பாகத் தெரியும், நீளப் பக்கம் ஒன்றில் பால்பாயின்ட் பேனாவால் இழுத்த ஒரு கோடு இருக்கும். இந்த இரண்டு அடையாளமும் உள்ள 49 மெர்குரியைக் கண்டால் வாங்காதீர்கள், தளத்தில் புகார் கொடுங்கள். என் வீடியோவை யார் கேட்டாலும் அனுப்புகிறேன்.