பட்ஜெட் கேமிங் லேப்டாப் வாங்கப் போறீங்களா? ஏழு மாதச் சேமிப்பை இழந்தவன் சொல்றேன், ஒரு நிமிஷம் படிச்சிட்டுப் போங்க

கை நடுங்கிட்டு இருக்கு. இப்பதான் போனை வெச்சேன். அதனால கோர்வையா வராது, பொறுத்துக்கோங்க.

ஏழு மாசம் சேர்த்த பணம். ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளத்துல, நல்ல ரேட்டிங் இருந்த ஒரு விற்பனையாளர்கிட்ட வாங்கினேன். ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 'புத்தம் புதுசு'ன்னு போட்டிருந்தது. கண்ணை மூடிட்டு வாங்கலை. லேப்டாப்ல வர்ற 4060-ஐ 35 வாட்டுல இருந்து 115 வாட் வரைக்கும் எப்படி வேணும்னாலும் கம்பெனிக்காரங்க செட் பண்ணலாம், பேர் மட்டும் ஒண்ணுதான், வாட் குறைஞ்சா வேகமும் குறையும்னு எனக்குத் தெரியும். அதனால போன் பண்ணியே கேட்டேன்.

"ஃபுல் பவர் தம்பி, 115 வாட். என் பையனுக்கும் இதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கேன்" என்றார். குரல்ல அவ்வளவு அக்கறை. ரேம் கூட ரெண்டு ஸ்லாட்டுலயும் எட்டு எட்டா இருக்குன்னு அவரே சொன்னார். பையனைப் பத்திப் பேசின அந்த ஒரு வார்த்தையிலதான் நான் விழுந்தேன். எதையும் எழுத்துல கேட்டு வாங்கலை.

பெட்டி வந்தது. சீல் இருந்தது. முதல் நாள் கேம் போட்டேன், செகண்டுக்கு 80 ஃபிரேம் வந்தது, சந்தோஷம். இருபதாவது நிமிஷம் 35-க்கு இறங்கிடுச்சு. சிபியு 98 டிகிரி. என்விடியா கண்ட்ரோல் பேனல்ல ஹெல்ப் மெனுவுக்குள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தா, மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர் 75 வாட். டாஸ்க் மேனேஜர்ல மெமரியைப் பார்த்தா ரெண்டு ஸ்லாட்டுல ஒண்ணுதான் உபயோகத்துல இருக்கு.

அப்பதான் சந்தேகம் வந்து லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் இருந்த ஸ்க்ரூவுல ஒண்ணு மட்டும் வேற நிறம், தலை தேய்ஞ்சிருந்தது. டார்ச் அடிச்சா ஃபேன் இடுக்குல பஞ்சு மாதிரி தூசி. டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். 'புது' லேப்டாப்போட எஸ்எஸ்டி, அதாவது அந்த டிஸ்க், ஏற்கெனவே 1,940 மணி நேரம் ஓடியிருக்கு! கம்பெனி தளத்துல சீரியல் நம்பரைப் போட்டா, வாரண்டி ஆரம்பிச்சு பதினாலு மாசம் ஆகுது. யாரோ அடிச்சுத் துவைச்ச மெஷினுக்கு என் ஏழு மாசச் சேமிப்பு.

மூணாவது நாளே விற்பனையாளர்கிட்ட புகார் கொடுத்தேன். இதை நல்லா கவனிங்க, ரிட்டர்ன் பண்ண பத்து நாள் இருந்தது. "டிரைவர் அப்டேட் பண்ணிப் பாருங்க தம்பி." பண்ணினேன். "கூலிங் பேட் வெச்சுப் பாருங்க." அதையும் வாங்கி வெச்சேன், அது தனிச் செலவு. "கேமிங் லேப்டாப்னா சூடாகத்தான் செய்யும்." "நாளைக்கு எஞ்சினியர் கூப்பிடுவார்." எட்டாம் நாளும் நாளைக்கு, ஒன்பதாம் நாளும் நாளைக்கு. பதினொண்ணாம் நாள் கூப்பிட்டா, அதுவரைக்கும் 'தம்பி'யா இருந்தவன் 'சார்' ஆயிட்டேன். "சார், ரிட்டர்ன் டைம் முடிஞ்சிடுச்சு சார், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

தளத்தோட வாடிக்கையாளர் சேவையும் அதே பாட்டுதான். பெட்டி பிரிச்சப்ப வீடியோ எடுத்தீங்களான்னு கேட்டாங்க. எடுக்கலை. எஸ்எஸ்டி மணிக்கணக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், "அது நீங்க ஓட்டினதா இருக்கலாமே" என்கிறான். மூணு நாள்ல 1,940 மணி நேரம் எப்படி ஓட்ட முடியும்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஐயா? பதில் இல்லை, டிக்கெட்டை மூடிட்டாங்க. ஏழு மாசம்.

எந்த லேப்டாப் நல்லதுன்னு விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். முடியலை, இதை மட்டும் செய்யுங்க. எத்தனை வாட்டுன்னு எழுத்துல வாங்குங்க, வாய் வார்த்தை வேண்டாம். பெட்டியை ஒட்டின டேப்புல இருந்து ஆரம்பிச்சு வீடியோ எடுங்க. கேம் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே சீரியல் நம்பர், எஸ்எஸ்டி மணி, பேட்டரி எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு காட்டுற பேட்டரி ரிப்போர்ட் மூணையும் பாருங்க. அப்புறம் ஒரு மணி நேரம் விடாம கேம் ஓட்டுங்க, முதல் பத்து நிமிஷத்தை நம்பாதீங்க.

எஞ்சினியர் கூப்பிடுவார்னு சொன்னா காத்திருக்காதீங்க. போனை வெச்ச கையோட ரிட்டர்ன் போட்டுடுங்க.