டைமிங் அட்வான்ஸ்: விளக்கா, கேஜா, காதா?

பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு கிராங்க் சுழற்சியில் எத்தனை டிகிரி முன்பே தீப்பொறி விழுகிறது என்பதே டைமிங் அட்வான்ஸ். டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி தீப்பொறி மின்சாரத்தைப் பகிரும் கருவி) உள்ள பழைய கார் எஞ்சினில் இந்த டைமிங் வைக்க நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: சோதனை விளக்கு, வேக்கம் கேஜ், டைமிங் லைட், ஓட்டிப் பார்த்துக் காதால் முடிவு செய்வது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாயிண்ட் கேப்பை, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் மின்தொடுப்பின் இடைவெளியை, முதலில் சரிசெய்துவிட வேண்டும். கேப் அகன்றால் தீப்பொறி முந்தும், குறுகினால் பிந்தும் என்பதால், டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

சோதனை விளக்கு முறையில் எஞ்சின் ஓடுவதில்லை. இக்னிஷன் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைத்து, முதல் சிலிண்டரின் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் கிராங்க் முனையிலுள்ள புல்லியின் குறியை உரிய டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பாயிண்ட் திறந்து பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கிவிட்டால் முடிந்தது. கழற்றிப் பூட்டிய எஞ்சினை முதன்முறை ஸ்டார்ட் செய்ய இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் வேகம் ஏற ஏற அட்வான்ஸைக் கூட்டும் உள் எடைகளும் ஸ்பிரிங்குகளும் எப்படி வேலை செய்கின்றன என்பதை நின்றுகொண்டிருக்கும் எஞ்சினில் அறிய முடியாது.

எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலிமையை முள்ளால் காட்டும் வேக்கம் கேஜ் ஓடும் எஞ்சினை அளக்கிறது என்றாலும் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத மெல்லோட்டத்தில்) மட்டுமே அளக்கிறது. ஐடிலில் சிலிண்டருக்குள் எரிந்த வாயு மிகுதியாகக் கலந்திருப்பதால் கலவை மெதுவாக எரிகிறது. அதனால் எஞ்சின் அங்கே அதிக அட்வான்ஸை விரும்புகிறது. முள் உச்சத்தைத் தொடும் இடத்தில் அப்படியே இறுக்கினால், மேட்டில் ஏறும்போது நாக்கிங் (கலவை கட்டுமீறி எரிவதால் எழும் தட்டல்) வருவதற்கு நாமே வழி செய்தவர்கள் ஆவோம். உச்சத்திலிருந்து சற்றுப் பின்வாங்கி வைக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது. எவ்வளவு பின்வாங்குவது என்பதை முள் சொல்வதில்லை. புல்லிக் குறி அழிந்துபோன எஞ்சினுக்கு மட்டுமே இந்த முறையை நான் ஏற்பேன்.

முதல் சிலிண்டரின் ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னிப் புல்லிக் குறியை நிற்பதுபோல் காட்டும் டைமிங் லைட்டின் சிறப்பு, ஓடும் வேகத்திலேயே அட்வான்ஸைக் கண்ணுக்குக் காட்டுவது. 3000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்குள் 18 டிகிரி சுழன்றுவிடுகிறது. அந்த வேகத்தில் நடப்பதை வேறு எந்தக் கைக்கருவியும் இவ்வளவு தெளிவாகப் பிடித்துத் தருவதில்லை. எஞ்சினின் உறிஞ்சலால் அட்வான்ஸைக் கூட்டும் வேக்கம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் 10 டிகிரி வைத்து, குறி மேலும் நகராத வரை வேகத்தைக் கூட்டிப் பார்க்கையில் 34 என்று நின்றால், எடைகள் 24 டிகிரி தருகின்றன என்று பொருள். குறி ஒரே இடத்தில் நிற்காமல் துள்ளினால், டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு: ரப்பர் நடுவில் வைத்த புல்லிகளில் வெளிவளையம் வழுக்கி நகர்ந்திருந்தால், லைட் பொய்க்குறியைத்தான் துல்லியமாகக் காட்டும். முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது குறி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

காதை நம்புவோருக்கு அனுபவம் துணையாக இருக்கலாம். ஆனால் காதுக்குக் கேட்பது ஒரு பக்கத் தவறு மட்டுமே. அட்வான்ஸ் கூடினால் நாக்கிங் கேட்கும், அதுவும் எஞ்சின் இரைச்சல் குறைவாக இருக்கும்போதுதான். குறைந்தாலோ எந்த ஓசையும் இல்லாமல் எக்ஸாஸ்ட் சூடேறும், பெட்ரோல் வீணாகும், இழுவை குறையும். ஆகவே வைப்பதற்கு லைட்டும், வைத்ததைச் சோதிக்கக் காதும் என்பதே என் தேர்வு.

மேட்டில் உயர் கியரில் மெல்லிய தட்டல் கேட்டால் கிராங்கில் 2 டிகிரி பின்னுக்கு எடுத்துப் பார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் பாதி வேகத்தில் சுழல்வதால் அதைத் திருப்ப வேண்டியது 1 டிகிரிதான், 70 மி.மீ. விட்டமுள்ள உடலின் விளிம்பில் அது சுமார் 0.6 மி.மீ. நகர்வு. போல்ட்டைத் தளர்த்தும் முன் உடலுக்கும் பிளாக்குக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளாவிட்டால், எவ்வளவு திருப்பினோம் என்பது கைக்குத் தெரியாது.