கித்தார் ஸ்ட்ரம்மிங் செயலி: 14 மாதங்கள், ஒரு காலித் தட்டு

அலுவலகத்தில் பக்கத்து மேஜைத் தம்பி சென்ற வாரம் கேட்டான்: "அண்ணா, நீங்கள் வைத்திருக்கும் அந்தக் கித்தார் செயலியின் ஆண்டுச் சந்தாவை 3,499 ரூபாயிலிருந்து 1,999 ஆக்கிவிட்டார்கள். வாங்கலாமா?" டீ ஆறிப்போகும் அளவுக்குப் பேசினேன். வாங்கலாமா, வேண்டாமா என்பதை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அதனால் இது.

செயலியின் பெயரை விட்டுவிடுகிறேன். திரையில் அம்புக்குறிகள் நகரும், நாம் வாசிப்பதைப் போன் கேட்கும், சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு என்னும் வகை. நல்லதை முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம், பிறகு கோபத்தில் மறந்துபோகும். உறையோடு இரண்டு ஆண்டுகள் பீரோமேல் கிடந்த என் கித்தாரைக் கீழே இறக்கவைத்தது இந்தச் செயலிதான். சிக்கலான இரண்டு வரியை மட்டும் வெட்டி எடுத்து, பாதி வேகத்தில், அலுக்கும்வரை சுழலவிடலாம். மனித ஆசிரியர் யாரும் அதிகாலை ஐந்தரை மணிக்கு என்னோடு நாற்பது முறை அதே வரியை வாசிக்க மாட்டார்.

இனி அந்தக் காலித் தட்டு, அதாவது ஓசையில்லாத தாளத் தட்டு.

கித்தார் எடுத்தவர்களுக்கு முதலில் வந்து சேரும் ஸ்ட்ரம்மிங் (தாளத்தோடு கம்பிகளை வருடி அடிக்கும் முறை) ஒன்று உண்டு: டவுன், டவுன்-அப், அப்-டவுன்-அப். டவுன் என்றால் கீழ்நோக்கிய அடி, அப் என்றால் மேல்நோக்கியது. நான்கு தட்டில் ஓடும் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை இதை வைத்து ஒப்பேற்றிவிடலாம். ஒவ்வொரு தட்டையும் இரண்டாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு எட்டு இடங்கள். தட்டு விழும்போது கை கீழே போகிறது, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் மேலே வருகிறது. ஆக, கை ஊஞ்சல்போல எட்டு முறை அசைய வேண்டும். ஒலிப்பது ஆறு மட்டும். முதல் தட்டை அடித்துவிட்டு மேலே வரும்போது கம்பியைத் தொடுவதில்லை. மூன்றாவது தட்டில் கீழே போகும்போதும் தொடுவதில்லை. தொடாவிட்டாலும் கை போய்த்தான் ஆக வேண்டும்.

செயலியோ ஆறு அம்புக்குறிகளைக் காட்டுகிறது. மற்ற இரண்டு இடங்களிலும் வெறும் வெள்ளை. வெள்ளையைப் பார்த்தால் புதிதாகக் கற்பவன் என்ன செய்வான்? கையை நிறுத்துவான். நானும் நிறுத்தினேன். இரண்டாவது தட்டின் அப் முடிந்ததும் என் கை கம்பிகளுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். அடுத்த அப் நெருங்கியதும் திடுக்கிட்டுக் கீழே இறங்கி, அதே அவசரத்தில் கம்பியைச் சுரண்டிக்கொண்டு மேலே ஏறும். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் தூக்கம் கலைந்து எழுந்த பஸ் பயணியைப் பார்த்திருப்பீர்கள்.

நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் இந்த அலங்கோலம் வெளியே தெரியாது. ஓர் அசைவுக்கு அரை விநாடி இருக்கிறது, திடுக்கிடவும் நேரம் உண்டு. பச்சை, பச்சை, மூன்று நட்சத்திரங்கள். 70, 80 வரையிலும் அதே பச்சை. 100-இல் அரை விநாடி 0.3 விநாடியாகச் சுருங்கியது, எல்லாம் சரிந்தது. வேகத்தைக் குறைத்துப் பழகுங்கள் என்றது செயலி. குறைத்தேன், நட்சத்திரம். ஏற்றினேன், சிவப்பு. இப்படி ஐந்து மாதங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எரிச்சலில் ஒரு சோதனை செய்தேன். ஆறு அடிகளையும் கீழ்நோக்கியே அடித்தேன், மேல்நோக்கி ஒன்றுகூட இல்லை. 60 வேகத்தில் மூன்று நட்சத்திரங்களும் விழுந்தன! அப்போதுதான் புரிந்தது, இதற்குக் காது மட்டும்தான் இருக்கிறது. கண் இல்லாத வாத்தியார் கையைத் திருத்த உட்கார்ந்திருக்கிறார். மின்விசிறி ஓடினால் அந்தக் காதும் தடுமாறும் என்பதால் மே மாதத் திருச்சியில் விசிறியை நிறுத்திவிட்டுப் பழகியிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான அநியாயமும் உண்டு. ஜி கார்டிலிருந்து (சில சுரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் இடதுகை விரல்பிடி) சி-க்கு மாறும்போது, சுற்றின் கடைசி அப்பிலேயே இடதுகை விரல்கள் எழும்பிவிடும், அந்த ஒரு நொடி வெறும் கம்பிகள் ஒலிக்கும். நன்றாக வாசிப்பவர்களும் செய்வதுதான், ஓட்டத்தில் கேட்பவர் காதில் அது உறுத்தாது. செயலி அதைத் தேடிப் பிடித்துச் சிவப்பு அடிக்கும்.

(கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிக் பற்றி ஒரு வரி: நான் முதலில் வைத்திருந்தது 1 மி.மீ. தடிமன், ஒவ்வொரு அப்பிலும் கம்பியில் மாட்டிக்கொண்டது. 0.60 மி.மீ. வாங்கியதும் பாதித் தொல்லை ஒழிந்தது. இதைச் சொன்னவர் இசைக்கருவிக் கடைக்காரர், செயலி அல்ல.)

முடிச்சை அவிழ்த்தவர் என் மாமியார். சிறுவயதில் ஏழெட்டு ஆண்டுகள் பாட்டு கற்றவர். கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "மாப்பிள்ளை, கை ஏன் நடுவில் செத்துப்போகிறது?" என்றார்.

"அந்த இடத்தில் சத்தம் இல்லை, அத்தை. அதனால் நிறுத்துகிறேன்."

கையிலிருந்த காம்பைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் ஆதி தாளம் போட்டுக் காட்டினார். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, வீச்சு. தட்டு, வீச்சு. "வீச்சில் சத்தம் வருகிறதா? வரவில்லை என்று வீசாமல் விடுகிறோமா?" மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டார்.

அங்கேயும் எட்டுதான் கணக்கு, ஓசையில்லாத இடங்கள்தான் வேறு. அன்றே செயலியை மூடிவிட்டு, இடதுகையைக் கம்பிகள்மேல் தளர்வாகப் படுக்கவைத்தேன். கார்டும் இல்லை, சுரமும் இல்லை, வெறும் சக், சக். "ஒன்று, இரண்டு-உம், வீச்சு-உம், நான்கு-உம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையை ஆட்டினேன். இரண்டு நாள் வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். மூன்றாவது நாள் காலையில், வீச்சில் கை தானாகக் கம்பிகளுக்கு முன்னே காற்றில் இறங்கிப் போவதைப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல இருந்தது. அந்த வாரமே 100-ஐத் தாண்டினேன். ஐந்து மாதங்களாக 3,499 ரூபாய் செய்யாததை ஒரு கட்டு முருங்கைக்கீரை ஆயும் நேரம் செய்துவிட்டது. வெள்ளை இடத்தில் மங்கலாக இரண்டு அம்புக்குறிகள் வரையுங்கள் என்று அந்த நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். நன்றி தெரிவித்தார்கள். இன்னும் வெள்ளைதான்.

ஆகவே தம்பிக்கு என் பதில்: வாங்காதே. தாளத்தைச் சீராகத் தட்டிக்காட்டும் இலவச மெட்ரோனோம் ஒன்றை இறக்கிக்கொள். கையைப் பார்த்துச் சொல்ல, தாளம் தெரிந்த ஒருவரை வீட்டிலோ தெருவிலோ கண்டுபிடி.

நான் நேற்று இரவு சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். 1,999 ரூபாய். ஐந்தரை மணிக்கு அந்த இரண்டு வரிகளைச் சுழலவிட எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். இன்று காலை 110 வேகத்தில் ஒரு சுற்றுக்கூடப் பிசகாமல் போய்க்கொண்டிருந்தபோது, சரியாக வீச்சு விழும் இடத்தில் அடுக்களையில் குக்கர் விசிலடித்தது. திரை சிவந்தது. மூன்றாவது தட்டு என்று ஒன்று இருப்பதை இந்தச் செயலி கவனித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.