முழுக்காசையும் முதலே போட்டுவிடாதீர்கள்

ஓகஸ்ட் விடுமுறைக்கு முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரையில் அறை தேடுகிறவர்கள், காசு போடமுதல் இதை ஒருக்கா வாசியுங்கள்.

அக்கா குடும்பம் ஆறு வருடத்துக்குப் பிறகு ரொறன்ரோவிலிருந்து வந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் ஒன்றாக இருக்கலாம் என்று நான்தான் இடம் பார்த்தேன். முகநூல் விளம்பரத்தில் நீச்சல் தடாகம், ஏசி, அறை வாசலிலேயே கடல். ஒரு அறைக்கு ஓர் இரவு 18,000 ரூபாய். இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் 72,000, முழுக்காசையும் வங்கியில் போட்டால் 10 வீதம் கழிவு என்றார்கள். 64,800 ரூபாயை அன்றைக்கே போட்டேன்.

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் மாங்குளம், அங்கிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று வானில் போய்ச் சேர மத்தியானம். கடல் தகர வேலிக்கு அங்கால் இருந்தது, தடாகத்தின் அடியில் முழங்கால் அளவு பச்சைத் தண்ணீர், ஒரு அறையில் ஏசி வேலை செய்யவில்லை. சரி, வந்துவிட்டோம், சமாளிப்போம் என்றுதான் நினைத்தோம்.

தண்ணீர்தான் சமாளிக்க முடியாததாகப் போய்விட்டது. அம்மா தலைக்கு வார்த்துவிட்டு வந்தார், சவர்க்காரம் நுரைக்கவே இல்லையாம், தலைமயிர் தும்பு மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது. "உப்புத் தண்ணியெல்லோ மோனை" என்றார். மழை இல்லாத மாதங்களில் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்காகத்தான் பவுசரில் நல்ல தண்ணீர் எடுத்துத் தாங்கியை நிரப்புவார்கள். இவர்கள் அதைக்கூடச் செய்து வைக்கவில்லை. கேட்டால் "பின்னேரம் பவுசர் வரும் அண்ணை", பின்னேரம் கேட்டால் "விடிய வரும்". கடைசிவரை வரவில்லை. இரவில் நுளம்பு வேறு. வலையில் கை போகிற ஓட்டை, அக்காவின் நாலு வயது மகளின் முகத்தில் மட்டும் ஒன்பது தடிப்பு எண்ணினேன். அந்தப் பிள்ளை அம்மாச்சியின் ஊரைப் பார்க்க வந்த முதல் பயணம் அது.

விடிந்ததும் வெளிக்கிட்டோம். மற்ற நாளுக்குரிய 32,400 ரூபாயைக் கேட்டேன். கழிவு விலையில் போட்ட காசைத் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள். காசு வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை, பற்றுச்சீட்டும் தரவில்லை. ஒட்டுசுட்டானில் சித்தி வீட்டுக் கிணற்றில்தான் எல்லோரும் குளித்தோம், அம்மா மூன்று தரம் தலையை அலசினார்.

1977 இலக்கத்துக்கு எடுத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் போடவில்லை. வங்கிச் சிட்டையும் வாட்ஸ்அப் செய்திகளும் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. நீங்கள் பதிவு செய்வதென்றால் கால்வாசிக்கு மேல் முற்பணம் போடாதீர்கள், இடையில் வெளிக்கிட்டால் காசு திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்குங்கள், குளிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், வீடியோ அழைப்பில் அறையையும் தடாகத்தையும் அன்றைய நிலையில் காட்டச் சொல்லுங்கள்.

அந்த விடுதிக்கு நான் எடுத்தால் இப்போது பதில் இல்லை. விளம்பரத்தில் அதே நீலத் தடாகம் இன்றைக்கும் இருக்கிறது.