கணிதத்துக்குச் செயலியா, சனிக்கிழமை டியூஷனா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

செயலியின் பலம் நேரம். இரவு பத்து மணிக்கு ஒரு சமன்பாட்டில் பிள்ளை திகைத்து நின்றால், கணக்கைப் படம் எடுத்து அனுப்பலாம். ஆசிரியர் ஒருவர் இணைந்து படிப்படியாக வழிநடத்துவார். கூட்டத்தில் கேள்வி கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் மெட்ரிக் தேர்வின், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வின், கணித இரண்டாம் தாளை நினைத்துப் பாருங்கள். 150 மதிப்பெண்களில் ஏறக்குறைய 40 யூக்ளிட் வடிவியலுக்கு. வட்ட நாற்கரம், தொடுகோடு என்று எது வந்தாலும், எழுதும் கூற்றுக்குக் காரணமும் சேர்த்து எழுத வேண்டும். காரணம் விடுபட்டால் மதிப்பெண் போய்விடும். இந்தப் பழக்கம் ஒரு கணக்கைத் தீர்த்துவைப்பதால் வராது. வாரந்தோறும் நோட்டைப் புரட்டி, “போன மாதமும் இதே தவற்றைத்தானே செய்தாய்?” என்று கேட்க ஒருவர் வேண்டும். செயலியில் ஒவ்வொரு முறையும் வேறோர் ஆசிரியர் வரக்கூடும். டேட்டா செலவு வேறு இருக்கிறது.

வடிவியலில் தடுமாறும் பிள்ளையை டியூஷனுக்கே அனுப்புங்கள். அடிப்படை உறுதியாக உள்ள பிள்ளைக்கு, தேர்வுக்கு முந்தைய வாரங்களில் செயலி போதும். விடையை மட்டும் காட்டும் செயலி யாருக்குமே வேண்டாம்.