பால் பைத்தானுக்கு நான்கடிப் பெட்டி: சில வருடம் பயன்படுத்திய பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ந்த பால் பைத்தானுக்கு (ball python, வீட்டில் வளர்க்கும் சிறிய ஆப்பிரிக்க மலைப்பாம்பு) 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். இதற்குக் குறைந்த பெட்டி வாங்க வேண்டாம். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு ஃபிளாட்டில், முன்பக்கக் கண்ணாடியைத் தள்ளித் திறக்கும் இந்த அளவு பிவிசி பெட்டியைத்தான் சில வருடமாக வைத்திருக்கிறேன்.

பெண் பாம்பு நான்கைந்து அடி வரை வளரும், ஆண் கொஞ்சம் சிறியது. நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்றால் பெட்டியின் நீளம் பாம்பின் நீளத்துக்காவது இருக்க வேண்டும். நூலை முதுகோடு வைத்து அளந்து பாருங்கள். உரித்த சட்டையை அளக்காதீர்கள், அது இழுபட்டு நீளமாகத்தான் காட்டும்.

சிறிய பெட்டி விற்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: ஆப்பிரிக்காவில் இது எலி வளையிலும் கறையான் புற்றிலும் முடங்கிக் கிடக்கும் பாம்பு, இடம் எதற்கு? கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை உண்மைதான். ஆனால் அது பகல் கதை. விளக்கை அணைத்த பிறகு என் பாம்பு மூலைக்கு மூலை சுற்றும், கிளை வைத்தால் ஏறும். இரண்டடித் தொட்டியில் இதற்கெல்லாம் வழியே இல்லை.

எனக்கு நீளம் உண்மையில் கைகொடுத்தது வெப்ப விஷயத்தில். பாம்புக்குச் சூடான முனை 32 டிகிரி, குளிர்ந்த முனை 26, 27 டிகிரி இருப்பது நல்லது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் எப்படிச் சூடேற்றுவது என்பதே பெரும்பாடு. இங்கே மதியம் ஹாலே 31 டிகிரிக்குப் போய்விடுகிறது. நமக்குக் கஷ்டம் குளிர்ந்த மூலைதான். சிறிய கண்ணாடித் தொட்டியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) போட்டால் அடுத்த முனையும் சேர்ந்து சூடாகும், பாம்பு ஒதுங்க இடமிருக்காது. நான்கடிப் பெட்டியில் ஒரு முனையில் மட்டும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு ஹீட் மேட், மறுமுனை வெயில் படாத சுவர் பக்கம். இரை தின்றால் சூட்டுப் பக்கம் போகிறது, மதியம் மறுபக்கம் வந்துவிடுகிறது. மதிய நேரத்தில் பெரும்பாலும் ஹீட் மேட்டுக்கு வேலையே இல்லை.

ஈரப்பதத்துக்கும் நம் ஊரில் பெரிய பாடில்லை, காற்றோட்டம் இருந்தால் போதும். இரவெல்லாம் ஏர்கான் ஓடும் அறை என்றால் காற்று வறண்டுவிடும், அப்போது மட்டும் கவனியுங்கள். பிளைவுட் பெட்டி மலிவு என்று போகாதீர்கள், இந்த ஈரத்தில் ஊதிப் பூசணம் பிடிக்கும்.

“பெரிய பெட்டியில் விட்டால் பயந்து தின்னாது” என்பார்கள். பயம் அளவால் வருவதில்லை, வெட்டவெளியால் வருகிறது. இரு முனையிலும் உடம்பை ஒட்டிய ஒவ்வொரு பதுங்கிடம், நடுவில் மரப்பட்டை, பிளாஸ்டிக் இலைகள் என்று நிரப்புங்கள். குட்டிகூட அதில் தங்கும்.

உயரம் இனத்தைப் பொறுத்தது. எங்கள் பக்கத்துப் பாம்புக் கோயில் விரியன்கள் கிளையில் சுருண்டபடியே கிடக்குமே, அப்படி மரத்தில் வாழும் இனத்துக்கு நீளத்தைவிட உயரம் முக்கியம்.

குறைகளும் உண்டு. பெட்டி கனம், நகர்த்த இருவர் வேண்டும். மரத்தூள் கண்ணாடித் தடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். பூட்டைத் தனியாக வாங்கிப் போட்டேன், கண்ணாடியை மூக்கால் தள்ளித் திறக்கும் பலம் இதற்கு உண்டு. வந்த அன்று கிண்ணத்தில் பால் கொண்டுவந்த அம்மாவுக்கு, தண்ணீர்தான் குடிக்கும் என்று புரியவைத்தது தனி வேலை.

பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்குத் துறை) உரிமத்தைப் பெட்டிக்கு முன்பே பார்த்துவிடுங்கள், 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விளையாட்டல்ல. அப்புறம், அழகாக இருக்கிறதே என்று நம் நாட்டு ராஜ மலைப்பாம்புக் குட்டி பக்கம் போக வேண்டாம். ஆறு மீட்டரைத் தாண்டக்கூடியது, அதற்குப் பெட்டி போதாது, ஓர் அறையையே ஒதுக்க வேண்டும்.